நாற்பது விநாடியில் முளைத்த புள்ளிகள்

நீலாம்பிகா பட்டணசெட்டி பிஎச்.டி. நேர்காணலுக்கு இரண்டு முறை போனாள். முதல் தடவை வயது இருபத்துநான்கு. இரண்டாவது தடவை முப்பத்தெட்டு. இரண்டும் பெங்களூரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் அதே நானோ அறிவியல் நிறுவனம், அதே முதல் மாடி அறை. இடைப்பட்ட பதினான்கு வருடமும் அவள் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. நேர்காணல் அறைக்கு இரண்டு தளம் கீழே, தரைமட்டத்துக்கும் அடியில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை போனபோது தார்வாடில் வாங்கிய இயற்பியல் எம்.எஸ்சி. இருந்தது, முதல் வகுப்பில். தேசியத் தேர்வில் விரிவுரையாளர் தகுதியும் கிடைத்திருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைப் பட்டியலில் மட்டும் பெயர் வரவில்லை. உதவித்தொகையோடு வருகிறவளுக்கு எந்த கைடும் கதவைத் திறப்பார். அது இல்லாதவளுக்கு, தானே தேர்வு வைத்து ஆள் எடுக்கிற நாலைந்து நிறுவனங்கள்தான் மிச்சம். அதில் இது ஒன்று. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ராணெபென்னூரிலிருந்து பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: ஒரு தங்கத் துண்டை வெட்டிக்கொண்டே போனால், எந்த அளவில் அது தங்கம் மாதிரி நடந்துகொள்வதை நிறுத்தும்? ஏன்?

விடை அவளுக்குத் தெரியும். ஹாஸ்டலில் ஜூனியர் பெண்களுக்கு இதையே கன்னடத்தில் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தபோது முதல் வாக்கியம் வினைச்சொல்லில் வந்து நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அங்கேயே நின்றது. மூக்குக்கண்ணாடி போட்டவர் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். அவர் எடுத்துக்கொடுத்த சொல் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. பதினோரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

திரும்பிப் போக பஸ் ராத்திரி ஒன்பதுக்குத்தான். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று ஒவ்வொரு தாளாகப் படித்தாள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிரிவுக்குத் திட்ட உதவியாளர் தேவை, இன்று மூன்று மணிக்கு நேரில் வரவும் என்று ஒரு தாள். மணி இரண்டேமுக்கால். இறங்கிப் போனாள்.

கீழே பீட்டர் லோபோ என்று ஒரு மங்களூர்க்காரர் மட்டும் இருந்தார். அவர் சான்றிதழ்களைத் திறக்கவேயில்லை. கன்னடத்தில் கேட்டார்.

"இதெல்லாம் அப்புறம் பாக்கலாம். இருட்டு ரூம்ல ஆறு மணி நேரம் பேசாம உக்கார முடியுமா உன்னால?"

"முடியும் சார். எங்கப்பா பஸ் கண்டக்டர். நாள் முழுக்க கத்திட்டு வீட்டுக்கு வந்தாலும் அவர்தான் பேசுவார். எங்களுக்கு முறையே வராது."

லோபோ சிரித்துவிட்டார். "சரி, திங்கக்கிழமை வந்துடு."

அப்படித்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் லோபோ மஸ்கட் போய்விட்டார். மெஷின் அவள் கைக்கு வந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் வேலையும் நிரந்தரமானது.

மெஷின் என்றால் ஆள் உயரத்தில் ஒன்றரை மடங்கு இருக்கும் ஒரு தூண். மேலே இருந்து எலக்ட்ரான்கள் கற்றையாகக் கீழே பாயும். எல்லோரும் அதை பீம் என்பார்கள். நடுவில், பெண்கள் வைக்கும் சின்னப் பொட்டு அளவில், செம்புக் கம்பி வலை ஒன்று இருக்கும். அதுதான் கிரிட். மாணவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்த பொருளில் ஒரு சொட்டை அந்த கிரிட்டில் விட்டுக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். பீம் அதை ஊடுருவிப் போய்த் திரையில் படமாக விழும். வெளியே ரோட்டில் லாரி பிரேக் போட்டால் படம் நடுங்கும். யாராவது செருப்போடு வந்தால், சத்தமாகப் பேசினால் நடுங்கும். அதனால் அந்த அறையில் நீலாம்பிகாவின் சட்டம்தான் சட்டம். பேராசிரியர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா, நீலக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு பேராசிரியர் அவளைப் பத்துப் பேர் முன்னால் வைத்துத் திட்டினார். தன் மாணவனின் சாம்பிளை பீமில் காட்டி அவள் எரித்துவிட்டாளாம். அவள் எரிக்கவில்லை. அந்தப் பொருள் பீமைத் தாங்காது. ஆனால் அதைச் சொல்ல அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மறுநாள் ஒரு நீளநோட்டு வாங்கினாள். அன்றிலிருந்து எந்த சாம்பிள் வந்தாலும் எழுதினாள்: என்ன பொருள், பீம் எவ்வளவு, எத்தனையாவது விநாடியில் ஓரம் கருகியது, எப்போது சுருங்கியது, எது கடைசிவரை அசையாமல் நின்றது. அடுத்த முறை யாராவது திட்டினால் காட்டுவதற்கு. அப்படி யாரும் திட்டவில்லை. எழுதும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. நோட்டுகள் முப்பதைத் தாண்டின.

ராணெபென்னூரில் அப்பா ஈரப்பாவுக்கு மகள் வேலையை ஊராருக்கு விளக்குவது பெரும்பாடு. "நேத்து டிப்போல கேட்டாங்கம்மா, பொண்ணு பெங்களூர்ல என்ன பண்றான்னு. பெரிய மெஷின் ஓட்றான்னு சொன்னேன். லாரியா, ஜேசிபியான்னு கேக்கறான் அந்த ஹனுமந்தா."

"ஜேசிபின்னு சொல்லிடுங்க அப்பா. மரியாதை கிடைக்கும்."

லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போடும் மல்லப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு பெண் பிறந்தாள். நாற்பத்துமூன்று தீசிஸ்களில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. நீலம்பிகா, நீலாம்பிகை, மிஸ் நீலம், ஒன்றில் மிஸ்டர் நீல் என்றுகூட. தீசிஸ் முடித்தவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு இறங்கி வருவார்கள். அவளும் வாங்கிக்கொண்டு வாழ்த்தி அனுப்புவாள். தனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

ஹர்ஷிணி தேவாடிகா உடுப்பிப் பக்கத்துப் பெண். பேராசிரியர் அடிகா சாரிடம் ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி. சீசியம், ஈயம், புரோமின் மூன்றும் சேர்ந்த நுண்படிகங்கள் அவளுடைய வேலை. புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் பச்சையாகச் சுடர்விடும். டிவித் திரைக்கு, விளக்குக்கு ஆகும் என்று உலகம் முழுவதும் இதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஹர்ஷிணியின் படிகங்கள் மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளிர்ந்தன. மைக்ராஸ்கோப் படத்தில் ஒவ்வொரு படிகத்தின் மூலையிலும் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவை ஈயத் துளிகள், அவற்றால்தான் ஒளி கூடுகிறது என்பது அடிகா சாரின் விளக்கம். அதை ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குப் பேப்பராக அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்த நடுவர்களில் ஒருவர், விளக்கம் நன்றாக இருக்கிறது, புள்ளிகளின் படங்கள் இன்னும் தெளிவாக, இன்னும் நிறைய வேண்டும் என்று எழுதிவிட்டார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹர்ஷிணி கிரிட்டோடு வந்தாள். மார்ச்சில் அவளுடைய உதவித்தொகை முடிகிறது. ஜெர்மனியில் டிரெஸ்டனில் அடுத்த ஆராய்ச்சிக்கு இடம் பேசி வைத்திருந்தது. பேப்பர் அச்சானால்தான் அந்த இடம் உறுதி.

"அந்த மூலைக்கா. இன்னும் பெருசாக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

நீலாம்பிகா பெரிதாக்கினாள். படம் எடுத்தாள். பீமைக் கொஞ்சம் கூட்டிக் குவித்து மறுபடி எடுத்தாள். நாலாவது படத்தில் கை நின்றது.

"ஹர்ஷிணி, முதல் படத்தத் திற."

"ஏன்கா? அது மங்கல்."

"திற. புள்ளிய எண்ணு."

"ரெண்டு."

"இப்போ திரையில இருக்கறத எண்ணு."

ஹர்ஷிணி எண்ணினாள். "நாலு. முன்னாடி ஃபோகஸ் சரியில்லாம இருந்திருக்கும்கா."

"ஃபோகஸ் வெச்சது நான்தானே?"

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது புள்ளி அவர்கள் கண் முன்னாலேயே, பாலில் ஆடை கட்டுவதுபோல மெதுவாக, ஓரத்தில் திரண்டது. நீலாம்பிகா பீமை மூடினாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு மாணவனின் சாம்பிள், வேறொரு ஈய உப்பு. அவள் கையெழுத்தில் இருந்தது: இரண்டு நிமிடத்தில் மூலைகளில் கறுப்பு, பிறகு பெரிதாகிறது.

"ஈயம் இருக்கற உப்பு எதுவும் என் பீமுக்குக் கீழ சும்மா இருந்ததில்ல. இந்தப் புள்ளி உன் சாம்பிள்ல இல்ல, ஹர்ஷிணி. நாமதான் பாக்கப் போய் உண்டாக்கறோம்."

ஹர்ஷிணி எழுந்துவிட்டாள். "அக்கா, ப்ளீஸ், சார்கிட்ட நீங்க எதுவும் சொல்லாதீங்க. நானே சொல்றேன்."

அவள் சொல்லத்தான் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, மறுநாள் அடிகா சாரிடமிருந்து போன் வந்தது. அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"நீலாம்பிகா மேடம், ஹர்ஷிணி ரொம்ப குழம்பிப்போயிருக்கா. ரிவ்யூவுக்குப் பதில் அனுப்ப இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. நீங்க ஒரு உதவி பண்ணணும். படம் எடுத்துக் கொடுக்கறது உங்க வேலை. படத்துல என்ன இருக்குன்னு சொல்றத எங்களுக்கு விட்டுடுங்க."

"சரி சார்," என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோள மாவில் ஜோள ரொட்டி தட்டும்போது கை வேகமாக விழுந்தது. மல்லப்பா எட்டிப் பார்த்தார். "மாவு என்ன பண்ணுச்சு உன்ன?"

சொன்னாள். அவர் கத்தரிக்காய்க் குழம்பை ருசி பார்த்தபடி கேட்டார்: "நீ சொல்றது சரிதானே? நூத்துக்கு நூறு?"

"தொண்ணூறு."

"அப்போ மிச்சப் பத்தையும் பாத்துட்டுப் பேசு. எங்க கம்பெனில நான் வாயால சொன்னா ஒரு இன்ஜினியரும் கேக்க மாட்டான். கயித்தத் தொங்கவிட்டுக் காட்டினா கேப்பான்."

சனிக்கிழமை மெஷினுக்குப் பராமரிப்பு நாள். மற்ற யாருக்கும் நேரம் ஒதுக்குவதில்லை. வெள்ளிக்கிழமை அவள் ஹர்ஷிணியைக் கூப்பிட்டாள். "உன் கிரிட் இங்கதான் இருக்கு. அதுல பீமே படாத கட்டம் நிறைய இருக்கு. நாளைக்கு போட்டுப் பாக்கப் போறேன். உனக்குச் சொல்லாம போடக்கூடாதுன்னு சொல்றேன். வரதுன்னா வா."

"நான் வரலக்கா," என்று போனை வைத்துவிட்டாள் ஹர்ஷிணி.

சனிக்கிழமை நீலாம்பிகா பீமை வழக்கமானதில் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தாள். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. படத்தைத் தெளிவாக்க ஃபோகஸ் வைக்க வேண்டும். வைப்பதற்குள்ளேயே பீம் பட்டுப் புள்ளி வந்துவிடும். அதனால் பக்கத்துக் கட்டத்தில் நின்று ஃபோகஸை வைத்துக்கொண்டு, பீமை மூடிவிட்டு, யாரும் தொடாத கட்டத்துக்கு நகர்ந்து, திறந்த மாத்திரத்தில் இரண்டே விநாடியில் படம் எடுக்க வேண்டும். படம் சரியாக விழுந்ததா என்று பார்க்கக்கூட நேரம் கிடையாது. மூன்று முறை தவறியது. நாலாவது முறை முயன்றுகொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

"வரலாமா, அக்கா?"

"வா. கதவைச் சாத்து."

நாலாவது படம் விழுந்தது. மணல் தூவினதுபோல மங்கலாக இருந்தது. ஆனாலும் படிகங்கள் தெரிந்தன. முப்பத்தொரு படிகம். ஹர்ஷிணி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு மூலைகளைப் பார்த்தாள். ஒன்றிலும் புள்ளி இல்லை.

"இப்போ பீம நிறுத்தாம பழைய அளவுக்குக் கூட்டறேன். நீ கடிகாரம் பாரு," என்றாள் நீலாம்பிகா.

பத்து விநாடி. இருபது. முப்பது. நாற்பதாவது விநாடியில் இடது ஓரத்துப் படிகத்தில் முதல் புள்ளி முளைத்தது. ஒரு நிமிடத்தில் ஒன்பது. மூன்றாவது நிமிடம் முடியும்போது திரை, ஹர்ஷிணி பேப்பரில் அனுப்பிய படம் மாதிரியே ஆகிவிட்டது.

வேறு கட்டம், வேறு கட்டம் என்று ஆறு இடத்தில் செய்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மெஷினை மூடிவிட்டு, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து நீலாம்பிகாவின் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னிப்பொடியும். ஹர்ஷிணி பாதி ரொட்டியோடு நிறுத்திவிட்டாள்.

"அஞ்சு வருஷம்கா."

நீலாம்பிகா சட்னிப்பொடியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே நிமிர்ந்தாள். "அப்போ என் சாம்பிள் ஏன்கா ரெண்டு மடங்கு ஒளிருது? அது பொய் இல்லையே? அத வேற மெஷின்ல அளந்திருக்கேன். பத்து தடவ அளந்திருக்கேன்."

"அது எனக்குத் தெரியாது. புள்ளியால இல்லங்கறது மட்டும்தான் தெரியும்."

"அப்போ யாருக்குமே தெரியாது," என்றாள் ஹர்ஷிணி. மிச்ச ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை அவள் படங்களை எடுத்துக்கொண்டு அடிகா சாரிடம் போனாள். அவர் பார்த்தார், வைத்துவிட்டுப் போ என்றார். பிறகு ஒன்பது நாள் எந்தப் பேச்சும் இல்லை. நீலாம்பிகாவுக்கு நிரந்தர வேலைதான், யாரும் அனுப்பிவிட முடியாது. இருந்தாலும் படிகளில் காலடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தாள்.

பத்தாம் நாள் அவரே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து ஆறு வருடம் ஆகியிருக்கும். வாசலில் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காட்டுங்க."

காட்டினாள். "இன்னொரு தடவை," என்றார். காட்டினாள். மூன்றாவது தடவை எந்தக் கட்டம் என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். கடிகாரத்தையும் அவரே பார்த்தார். முப்பத்தெட்டு விநாடியில் புள்ளி வந்தது. அப்புறம் மேசைமேல் அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஒருத்தர் திட்டினார், அதனால எழுத ஆரம்பிச்சேன்."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். கன்னடத்தில் இருந்தது. பக்கம் பக்கமாகப் படித்தார். கிளம்பும்போது, "இதுல ரெண்டு நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். அன்றைக்கே ஆய்விதழுக்கு எழுதிப் பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தான் போனில் சொன்னதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவளும் அதை மறக்கவில்லை.

டிரெஸ்டன் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. மார்ச்சில் ஹர்ஷிணியின் உதவித்தொகையும் நின்றது. அடிகா சார் தன் திட்டம் ஒன்றில் அவளுக்கு எட்டு மாத வேலை போட்டுக்கொடுத்தார். அவள் ஹாஸ்டலிலேயே இருந்துகொண்டு, ஒளி கூடுவதற்கான காரணத்தைத் தேடினாள். ஜூன் மாதம் கிடைத்தது. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒரு கொழுப்பு அமிலம் சேர்ப்பார்கள். நடுவில் எப்போதோ புட்டி மாறி, வேறு தயாரிப்பு வந்திருக்கிறது. அந்த அமிலம் படிகத்தின் மேற்பரப்பில் இருந்த குறைகளை நன்றாக மூடியிருக்கிறது. அவ்வளவுதான். புதுப் பேப்பரில் பாதி இது. மறுபாதி, புள்ளிகள் எப்படி முளைக்கின்றன, எத்தனை எலக்ட்ரான் பட்டால் எந்த ஈய உப்பு எப்போது சிதைகிறது என்பது. அந்த மறுபாதி முழுக்க நீலாம்பிகாவின் நோட்டுகளிலிருந்து வந்தது.

ஹர்ஷிணி ஆசிரியர் வரிசையில் நீலக்காவின் பெயரை இரண்டாவதாகப் போட்டாள். மெஷின் ஓட்டுகிறவர்களுக்குக் கடைசி வரியில் நன்றி சொல்வதுதான் அங்கே வழக்கம். அடிகா சார் பார்த்தார்.

"பேர் இருக்கணும்னா அந்தப் பகுதிய அவங்கதான் எழுதணும். நீ எழுதி அவங்க பேரப் போடக்கூடாது."

நீலாம்பிகா எழுதினாள். முதலில் கன்னடத்தில், பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில். ஹர்ஷிணி இலக்கணத்தைத் திருத்தினாள். அடிகா சார் சிவப்பு மையால் மூன்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டுக்குப் பதில் இருந்தது. மூன்றாவதற்காக அவள் மறுபடி நாலு சனிக்கிழமை மெஷினில் உட்கார வேண்டியிருந்தது. பேப்பர் அடுத்த பிப்ரவரியில் அச்சானது. பட்டணசெட்டி என்பதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. எழுதித் திருத்தினார்கள்.

ஒருநாள் அடிகா சார் வாசலில் நின்று சொன்னார். "பணியில இருக்கறவங்களும் பிஎச்.டி. பதிவு பண்ணலாம்னு விதி இருக்கு. பண்ணிக்கோங்க. பொருள் உங்ககிட்டயே இருக்கு."

"ஒரு தடவை மேல போய்ப் பாத்தாச்சு சார். வேண்டாம்."

அவருக்கு விஷயம் தெரியாது. அவர் அந்த நிறுவனத்துக்கு வந்ததே அதற்கப்புறம்தான். "எப்போ?" என்று கேட்டார். சொன்னாள். அவர், "அப்போ என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானும் எடுத்திருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பதில் அவளுக்கு ஏனோ பிடித்திருந்தது. ஒரு வாரம் யோசித்தாள். மல்லப்பா பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றார். விண்ணப்பம் வாங்கினாள்.

நிர்வாகப் பிரிவில் கோப்பு நாலு மாதம் படுத்துக்கிடந்தது. நேரில் போனபோது துணைப் பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க ஸ்டூடன்ட் ஆயிட்டா மெஷின யாரும்மா ஓட்றது?"

"நான்தான் சார். மூணு மணி வரைக்கும் ஓட்டுவேன், அப்புறம் படிப்பேன்."

"சம்பளமும் வேணும், பட்டமும் வேணுமா?"

"ஆமா சார்," என்றாள். அவர் வேறு பதில் எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஒரு நிமிடம் பேனாவை உருட்டினார், கையெழுத்துப் போட்டார்.

எழுத்துத் தேர்வுக்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்து மேசைப் பையன் அவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, கூடுதல் தாள் கேட்டான். தேறியவர்கள் பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர் அவளுடையது.

நேர்காணலில் நாலு பேர். மூவரை அவளுக்குத் தெரியும், அவர்கள் மாணவர்களுக்கு அவள் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நாலாவது, வெளியிலிருந்து வந்திருந்த வங்காளி அம்மாள். அவர்தான் கேட்டார்: "உங்க நோட்டுகள்ல தப்பா எழுதினது ஏதாவது உண்டா?"

நீலாம்பிகா ஏழாவது நோட்டைச் சொன்னாள். அந்த வருடம் பீம் அளவு காட்டும் முள்ளில் கோளாறு. எட்டு மாதம் அவள் அதைக் கவனிக்கவில்லை. அந்த எட்டு மாதக் கணக்கு எதையும் பேப்பரில் சேர்க்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாள், பிறகு எப்படிச் சோதிக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் கன்னடத்துக்குப் போய்விட்டாள். ஒருவர் மொழிபெயர்க்க, அந்த அம்மாள் குறுக்கே குறுக்கே கேட்க, அரைமணி நேரம் ஓடிற்று. வெளியே வந்தபோது நன்றாகச் செய்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

ஈரப்பாவுக்குப் போன் செய்தாள். "அப்பா, பிஎச்.டி.க்கு இடம் கிடைச்சுடுச்சு."

"எத்தனை வருஷம்?"

"அஞ்சாறு ஆகும்."

"அப்போ டிப்போல இப்பவே சொல்லமாட்டேன். முடிச்சுட்டு வா, சொல்றேன். இந்த ஹனுமந்தா தினம் தினம் கேப்பான், முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு."

முதல் வருடப் பாடங்களில் குவாண்டம் இயற்பியல் முதல் தேர்வில் தோற்றாள். இருபதுக்கு ஆறு. மறுபடி எழுதிப் பன்னிரண்டு வாங்கினாள். கணக்குகளை உடன் படித்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுடைய கிரிட்டை எப்படிக் காயவைப்பது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். ஹர்ஷிணி தீசிஸ் முடித்து ஒரு வருடம் கழித்துத் தைவான் போனாள். அங்கிருந்து அவ்வப்போது படங்கள் அனுப்பி, "அக்கா, இது நிஜமா, பீம் வேலையா?" என்று கேட்பாள். பாதிக்கு நீலாம்பிகாவால் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. எத்தனை விநாடி, எவ்வளவு பீம் என்று திருப்பிக் கேட்பாள்.

இப்போது மூன்றாம் வருடம். மூன்று மணிக்குமேல் மெஷினை ஓட்ட ஹாவேரியிலிருந்து ஒரு பெண்ணைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவி என்ற முறையில் நீலாம்பிகாவும் மற்றவர்களைப்போல விண்ணப்பப் படிவம் கொடுத்துத்தான் மெஷினில் நேரம் வாங்க வேண்டும். படிவங்களைப் பார்த்துத் தேதி ஒதுக்குவதும் அவள் பொறுப்புதான். போன மாதம் தன் படிவத்தை வரிசையில் வைத்தாள். முன்னால் பதினேழு பேர் இருந்தார்கள். பதினெட்டாவதாகத் தன் பெயருக்கு நேரே இருபத்திரண்டாம் தேதி, மாலை மூன்று முதல் ஆறு வரை என்று எழுதினாள். அதற்குள் மூன்றாவது அத்தியாயத்தை எழுதி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். முடிக்க முடியவில்லை. இருபத்திரண்டாம் தேதி வந்தபோது பாதிதான் ஆகியிருந்தது. ஆனாலும் கிரிட்டை எடுத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்விட்டாள்.